போலிக் கசற்றில் உண்மையான குரல்: வீட்டிலுள்ள ஒலிநாடாக்களை இனங்காண்பது எப்படி?

வடக்கு, கிழக்கில் பல வீடுகளில் இன்றும் அலுமாரியின் அடித்தட்டிலோ பழைய பிஸ்கற் ரின்னுக்குள்ளோ சில ஓடியோ கசற்றுகள் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்பதற்கு வீட்டில் றெக்கோடர் இல்லை. என்றாலும் எறிய மனம் வருவதில்லை. ஒன்றில் கனடாவுக்கோ சுவிஸுக்கோ போன மகன் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல் இருக்கலாம். இன்னொன்றில் பேரப்பிள்ளைக்கு அம்மம்மா பாடிய தாலாட்டு இருக்கலாம். வேறொன்றில், இன்று காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் வெறும் பெயராக இருக்கும் ஒருவர், தங்கையின் சாமத்திய வீட்டில் நின்று பகிடி விட்டுச் சிரிப்பது பதிவாகியிருக்கலாம்.

இந்தக் கசற்றுகள் பெரும்பாலானவற்றுக்கு வயது இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் பழுதாவதில்லை. நல்ல நிறுவனத்தின் அசல் கசற் ஈரம் படாத இடத்தில் இருந்திருந்தால் இன்றும் தெளிவாகப் பேசும். அதே காலத்தில் அதே பெயர் அச்சிட்ட போலிக் கசற் ஒன்றை வாங்கியிருந்தால், அது இப்போது தூளை உதிர்த்துக்கொண்டோ கூட்டுக்குள் சிக்கிக்கொண்டோ இருக்கக்கூடும்.

அசலையும் போலியையும் பிரித்தறிவது ஒரு காலத்தில் காசை வீணாக்காமல் இருப்பதற்கான அறிவாக இருந்தது. இன்று அதன் பயன் வேறு. பத்துக் கசற்றுகளில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுக்க அது உதவும். போலி என்று கண்டவுடன் எறிவதற்காக இதை எழுதவில்லை. போலி என்று தெரிகிற கசற்றைத்தான் முதலில் பிரதி எடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

கசற்றுக்குள் இருப்பது என்ன?

கையடக்க ஓடியோ கசற்றை பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. லூ ஒட்டன்ஸ் என்ற நெதர்லாந்துப் பொறியியலாளரின் குழு அதை உருவாக்கியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர். அது செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். 60 நிமிடக் கசற்றில் ஏறத்தாழ 90 மீற்றர் நாடாவும், 90 நிமிடக் கசற்றில் ஏறத்தாழ 135 மீற்றர் நாடாவும் இருக்கும். கூடு ஒரே அளவு என்பதால் நேரம் கூடக் கூட நாடா மெல்லியதாக வேண்டும். 120 நிமிடக் கசற்றின் நாடா மிக மெல்லியது. அது இலகுவில் இழுபட்டுச் சுருளும்.

நாடாவில் மூன்று விடயங்கள் உண்டு. அடியில் பொலியெஸ்ரர் பிளாஸ்ரிக் படலம். அதன்மேல் காந்தத் தூள். அந்தத் தூளைப் படலத்தோடு பிடித்து வைத்திருக்கும் ஒரு பசை. குரல் பதிந்திருப்பது காந்தத் தூளில். ஆனால் அந்தக் குரலின் ஆயுளைப் பெருமளவில் தீர்மானிப்பது பசைதான். பசை கெட்டால் தூள் உதிரும், தூளோடு குரலும் உதிரும்.

நல்ல நிறுவனங்கள் தூளை ஒரே சீராகப் பூசி, பின்னர் அழுத்த உருளைகளுக்கு இடையே விட்டு மேற்பரப்பை மினுக்குகின்றன. பிறகு அகலமான நாடாவைச் சரியான அளவில் கீலங்களாக வெட்டுகின்றன. மலிவு நாடாவில் செலவு குறைக்கப்படுவது இந்த மூன்று இடங்களிலும்தான். அதனால் பூச்சு ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் இருக்கும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்து றெக்கோடரின் ஹெட்டைத் தேய்க்கும். விளிம்பு நேராக வெட்டுப்படாததால் நாடா ஓடும்போது மேலும் கீழும் அலையும்.

போலிகளில் எத்தனை வகை?

போலி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் குறைந்தது நான்கு வகைகள் உண்டு.

முதலாவது, முழுப் போலி. ரி.டி.கே., சொனி, மக்ஸெல் போன்ற பெயர்களையும் அவற்றின் உறையையும் அப்படியே அச்சடித்து, உள்ளே மலிவு நாடாவைச் சுற்றி விற்றார்கள். வெறும் கூடுகளையும் பெரிய சுருள்களாக வரும் நாடாவையும் தனித்தனியே வாங்க முடிந்ததால், சிறிய பட்டறையிலும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது, பெயரை ஒட்டிய போலி. ஓரெழுத்து மட்டும் மாறியிருக்கும். நிறமும் எழுத்தின் வடிவமும் அசலைப் போலவே இருக்கும். கடைக்காரர் தட்டில் அடுக்கிவைத்தால் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, தரம் உயர்த்திய போலி. சாதாரண நாடாவை, விலை கூடிய குரோம் வகைக் கசற்றின் கூட்டுக்குள் அடைத்து விற்பது.

நான்காவது, பழையதைப் புதிதாக்கிய போலி. பாவித்த கசற்றை அழித்து, புதிய கண்ணாடித்தாள் சுற்றி விற்பது. இதில் கூடும் நாடாவும் அசலாகவே இருக்கும். புதியது என்பது மட்டும்தான் பொய்.

இந்த நான்கில், வீட்டுப் பதிவுகளுக்குப் பெரும் ஆபத்து முதல் மூன்று வகைகளால்தான்.

போர்க்காலத்தில் எங்கள் பகுதிகளில் கசற்றைத் தெரிந்து வாங்கும் வசதி குறைவாகவே இருந்தது. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் வடக்குக்குப் பொருட்கள் வருவது இறுகியது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் சில்லைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் பாட்டுக் கேட்டவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கிடைத்த கசற்றில்தான் பதிவு நடந்தது. ஏற்கெனவே பாட்டுப் பதிந்த கசற்றின் மேலேயே வீட்டுக் குரலைப் பதிந்தவர்களும் உண்டு. ஆகவே உங்கள் வீட்டுக் கசற் போலியாக இருந்தால் அது வாங்கியவரின் கவனக்குறைவு அல்ல.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

எந்தப் பரிசோதனைக்கும் முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கசற்றின் முதுகு விளிம்பில், அதாவது நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தகடுகள் இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அவை உடைந்தால் அந்தக் கசற்றில் தவறுதலாகவும் பதிய முடியாது. ஏற்கெனவே உடைத்த இடத்தில் யாராவது செலோரேப் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். கேட்டுப் பார்க்கப் போய் அழித்துவிட்ட கதைகள் ஏராளம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*உறையும் எழுத்தும்.* அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துப் பிழைகள், மங்கிய அச்சு, நிழல் விழுந்ததுபோன்ற எழுத்து ஆகியவை போலியின் பழைய அடையாளங்கள். அசல் அட்டையைப் படமெடுத்து மீண்டும் அச்சிடும்போது சிறிய எழுத்துகள் முதலில் சிதையும். ஆகவே நிறுவனத்தின் பெரிய பெயரை விட்டு, கீழே உள்ள மிகச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள்.

'ஜப்பானில் தயாரித்தது' என்று இருந்தால் அசல், இல்லையென்றால் போலி என்ற நம்பிக்கை சரியானதல்ல. ரி.டி.கே. நிறுவனம் தாய்லாந்திலும் லக்சம்பேர்க்கிலும் அமெரிக்காவிலும்கூடக் கசற் தயாரித்தது. ஜப்பான் என்று அச்சடிப்பது போலிக்காரருக்கு மிகச் சுலபமான வேலை.

*கூட்டின் மேல் அச்சு.* சோதனைச் சாவடிக்குப் பயந்தோ இடப்பெயர்வில் பாரம் குறைக்கவோ உறையையும் அட்டையையும் எறிந்துவிட்டு வெறும் கசற்றை மட்டும் வைத்திருந்தவர்கள் பலர். அப்படியானால் கூட்டைத்தான் பார்க்க வேண்டும். 1980களின் பின் வந்த அசல் கசற்றுகள் பலவற்றில் பெயர் நேரடியாகக் கூட்டின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அச்சு நேராகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும், நகத்தால் சுரண்டினால் இலகுவில் வராது. பல நிறுவனங்கள் கூட்டில் ஒரு சிறிய தொகுதி இலக்கத்தையும் பொறித்தன. போலியில் அச்சு சரிந்திருக்கும், இரு பக்கங்களிலும் ஒரே இடத்தில் இருக்காது.

*கூட்டின் வார்ப்பு.* இரு பாதிகளும் சேரும் கோட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். அசலில் அந்தக் கோடு சமமாக இருக்கும். போலியில் மேடு பள்ளமும் பிளாஸ்ரிக் பிசிறும் தட்டுப்படும். தட்டையான மேசையில் வைத்தால் போலிக் கூடு சில வேளைகளில் ஆடும், அதாவது கூடு முறுகியிருக்கிறது. முறுகிய கூட்டில் நாடா நேராக ஓடாது.

ஐந்து ஸ்குறூ போட்டது அசல், ஒட்டியது போலி என்று பலர் சொல்வார்கள். அது பிழை. பெரிய நிறுவனங்கள் இரண்டு விதமாகவும் செய்தன. ஆனால் ஸ்குறூவின் தலை தேய்ந்திருந்தால், அந்தக் கசற் ஏற்கெனவே யாராலோ திறக்கப்பட்டது என்று அறியலாம்.

*பஞ்சும் தகடும்.* நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில் ஒரு சிறிய கம்பளிப் பஞ்சு இருக்கும். நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்துவது அதன் வேலை. அசலில் அது மெல்லிய உலோகச் சுருள்தகட்டில் உறுதியாக இருக்கும். பின்னால் வெளிக் காந்த இரைச்சலைத் தடுக்க இன்னொரு உலோகத் தகடு இருக்கும். மலிவுப் போலிகளில் இந்தப் பின்தகடே இராது. உலோகச் சுருளுக்குப் பதிலாகப் பஞ்சை வெறும் ஸ்பொஞ்சில் ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்பொஞ் காலப்போக்கில் பிசுபிசுத்து உதிரும். பஞ்சு விழுந்த கசற்றில் குரல் மங்கியும் விட்டு விட்டும் கேட்கும். நாடாவில் குரல் அப்படியே இருக்கிறது, அதை ஹெட்டோடு சேர்க்கும் பஞ்சுதான் இல்லை.

*உருளைகள்.* இரு மூலைகளிலும் நாடாவைத் திருப்பும் சிறு உருளைகள் உண்டு. நல்ல கசற்றில் அவை உலோக ஊசியில் சுழலும். போலியில் பிளாஸ்ரிக் முளையில் சுழலும், அல்லது சுழலவே சுழலாது. பென்சிலைத் துவாரத்தில் விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றினால் நல்லது. சிக்கிச் சிக்கி வந்தாலோ கிறீச்சென்று கத்தினாலோ உள்ளே வழுக்குத் தாள் இல்லை, அல்லது கூடு முறுகிவிட்டது.

*விளிம்புப் பள்ளங்கள்.* குரோம் வகைக் கசற்றில், உடைக்கும் தகடுகளுக்குப் பக்கத்தில் மேலதிகமாக இரண்டு பள்ளங்கள் இருக்கும். உலோக வகையில் நடுவிலும் இரண்டு பள்ளங்கள் இருக்கும். சாதாரண வகையில் இவை இரா. ரி.டி.கே.யின் 'டி' சாதாரண வகை, 'எஸ்.ஏ.' குரோம் இடத்துக்குரிய வகை. 1980களின் பின் வந்ததாகச் சொல்லப்படும் ஒரு கசற்றில் எஸ்.ஏ. என்று எழுதியிருந்து, மேலதிகப் பள்ளம் இல்லாவிட்டால் அது சந்தேகத்துக்குரியது.

நாடா சொல்லும் கதை

கூடு நன்றாக இருந்தாலும் நாடா மோசமாக இருக்கலாம். ஆகவே நாடாவையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரலால் தொட வேண்டாம். விரலின் எண்ணெயும் வியர்வையும் நாடாவுக்குக் கேடு.

சாதாரண இரும்பு ஒக்சைட் நாடா மண்ணிறமாக இருக்கும். குரோம் வகை நாடாக்கள் கடும் மண்ணிறம் முதல் ஏறத்தாழக் கறுப்பு வரை இருக்கும். குரோம் பள்ளங்கள் உள்ள கூட்டுக்குள் வெளிறிய மண்ணிற நாடா இருந்தால், மேலே சொன்ன மூன்றாவது வகைப் போலி அது. ஆனால் கறுப்பு நாடா எல்லாம் நல்லது என்று இதைத் திருப்பிச் சொல்ல முடியாது.

நல்ல நாடா கண்ணாடிபோல ஒளியைத் தெறிக்கும். மலிவு நாடா மங்கலாகக் கிடக்கும். யன்னல் வழியாகத் தெரியும் சுருளின் முகம் தட்டையாக இருக்க வேண்டும். சில சுற்றுகள் மேலெழுந்து படிப்படியாகத் தெரிந்தால் நாடாவின் அகலமோ கூட்டின் வழியோ சரியில்லை. விளிம்பு சுருண்டோ அலை அலையாகவோ இருந்தால் அதை ஓடவிடாமல் முதலில் ஒதுக்கி வையுங்கள்.

பஞ்சின்மேல் மண்ணிறத் தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிறிது படிவது வழமை. திட்டாகப் படிந்திருந்தால் பசை விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கசற்றை ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடியும் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஒரு தடவையிலேயே பிரதி எடுக்கத் தயாராகுங்கள்.

நேரமும் ஒரு நல்ல சாட்சி. 90 நிமிடம் என்று எழுதிய அசல் கசற்றில் ஒரு பக்கம் 45 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும், குறையாது. போலியில் நாடாவைக் குறைத்துச் சுற்றுவது வழக்கமான களவு. பதிந்துகொண்டிருக்கும்போதே கசற் முடிந்துபோய்ப் பேச்சு நடுவில் அறுந்திருந்தால், அதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

கசற்றின் மேல் பழி போட முன்னர்

குரல் கெட்டுக் கேட்டால் உடனே கசற் போலி, எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கள் பகுதிப் பதிவுகளில் வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் பல திருத்தக்கூடியவை.

குரல் சின்னப்பிள்ளை பேசுவதுபோல் கீச்சென்று வேகமாகக் கேட்கிறதா? பதியும்போது பற்றரி இறங்கியிருந்திருக்கும். இறங்கிய பற்றரியில் றெக்கோடர் மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை, இன்று நல்ல மின்சாரத்தில் சரியான வேகத்தில் போடும்போது குரல் உயர்ந்து கேட்கிறது. பற்றரியை வெயிலில் காயவைத்து மீண்டும் பாவித்த காலத்துப் பதிவுகளில் இதை எதிர்பார்க்கலாம். கணினியில் வேகத்தைக் குறைத்தால் ஆளின் சொந்தக் குரல் திரும்பி வரும். பேச்சின் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகக் கீச்சென்று ஆவதும் இதே காரணத்தால்தான்.

குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கிக் கேட்கிறதா? ஹெட்டின் சாய்வுதான் பெரும்பாலும் காரணம். பதிந்த றெக்கோடரின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், அல்லது போலிக் கூடு நாடாவைச் சரித்திருந்தால், வேறு றெக்கோடரில் போடும்போது உயர் ஒலிகள் காணாமற்போகும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறிய ஸ்குறூவை மிகச் சிறிதளவு திருப்பி, 'ச', 'ஸ' ஓசைகள் தெளியும் இடத்தில் நிறுத்தினால், பேச்சு விளங்கத் தொடங்கும். றெக்கோடர் திருத்தத் தெரிந்த ஒருவருக்கு இது ஒரு நிமிட வேலை. குரோம் கூட்டில் சாதாரண நாடா இருந்தால், றெக்கோடரின் வகைத் தெரிவை 'நோர்மல்' பக்கம் மாற்றினாலும் ஒலி சற்றுத் துலங்கும்.

'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடவா? மலிவான கையடக்க றெக்கோடர்கள் சிறு நிலைக்காந்தம் ஒன்றால் பழைய பதிவை அழித்தன. அந்த முறையே நாடாவில் இரைச்சலை விட்டுச் செல்லும். அசல் கசற்றிலும் அது நடக்கும்.

ஒரு சொல்லுக்கு முன்னரே அதன் நிழல் மெல்லிதாகக் கேட்கிறதா? நாடா வருடக்கணக்காகச் சுருண்டிருக்கும்போது ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் படிகிறது. மெல்லிய நாடாவில் இது அதிகம். நாடா உறுதியாக இருந்தால், கேட்க முன்னர் ஒரு தடவை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி எடுப்பது அதைக் குறைக்கும்.

எதைச் செய்தும் திரும்பாதவையும் உண்டு. ஓரிரு கணங்களுக்குக் குரல் முற்றாக அறுந்து மீண்டும் வருவது, அந்த இடத்தில் தூள் இல்லை என்பதைக் காட்டும். போலி நாடாக்களில் இதைக் காணலாம்.

போலி என்று தெரிந்த கசற்றை என்ன செய்வது?

ஒரு தாளில் எல்லாக் கசற்றுகளுக்கும் இலக்கமிட்டு மூன்று பிரிவாக எழுதுங்கள். போலி அல்லது தூள் உதிர்வது, அதில் ஈடில்லாத குரல் இருப்பது முதற்பிரிவு. அசல் கசற்றில் உள்ள குடும்பக் குரல் இரண்டாம் பிரிவு. வேறெங்கும் கிடைக்கக்கூடிய சினிமாப் பாடல்கள் கடைசிப் பிரிவு. ஆனால் சினிமாப் பாடல் என்று எழுதிய கசற்றின் கடைசியில் வீட்டுக் குரல் ஒளிந்திருக்கலாம். அதனால் கடைசிப் பிரிவையும் முடிவுவரை கேட்காமல் எறிய வேண்டாம்.

வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூஞ்சணம் தெரிந்தால் போட வேண்டாம். மண்ணுக்குள் புதைத்து எடுத்த கசற்றுகளிலும், கூரை ஒழுகிய வீடுகளில் இருந்தவற்றிலும் இது வரும். மற்றக் கசற்றுகளிலிருந்து பிரித்து, வெயில் நேரடியாகப் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். பூஞ்சணத்தைத் தட்டும்போது முகக்கவசம் அணியுங்கள். அது மூச்சுக்குக் கெடுதல்.

கூடு மட்டும் பழுதாகி நாடா நன்றாக இருந்தால் கூட்டை மாற்றலாம். ஸ்குறூ போட்ட, வேண்டாத ஒரு நல்ல கசற்றைத் தேடி எடுங்கள். வெள்ளைத்தாள் விரித்த மேசையில் இரண்டையும் ஒரே பக்கம் மேலே இருக்கத் திறந்து, நாடா எந்த உருளையைச் சுற்றி எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பிறகு இரு சுருள்களையும் ஒன்றாகத் தூக்கி, அதே பக்கம் மேலே இருக்க நல்ல கூட்டில் வைத்து மூடுங்கள். ஒட்டிய கூடாக இருந்தால் அதைப் பிளக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் அதைத் திருத்துநரிடம் கொடுப்பது நல்லது. அறுந்த நாடாவைச் சாதாரண செலோரேப்பால் ஒட்ட வேண்டாம். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் ஒட்டவைத்துவிடும். ஒலிநாடாவுக்கென்றே உள்ள ஒட்டுநாடா தனியாக உண்டு.

இரவல் வாங்கிய றெக்கோடரில் நேரடியாக முக்கியமான கசற்றைப் போடக் கூடாது. ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். முதலில் வேண்டாத ஒரு கசற்றை முழுவதும் ஓடவிட்டு, நாடாவை அது தின்னவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பிரதி எடுக்கும்போது

றெக்கோடரின் ஸ்பீக்கர் முன் கைத்தொலைபேசியைப் பிடித்துப் பதிவது எதுவுமே இல்லாததைவிட மேல். ஆனால் ஹெட்போன் துவாரத்திலிருந்து வயர் மூலம் கணினிக்கு எடுத்தால் வீட்டுச் சத்தம் கலக்காது, ஒலியும் தெளிவாக இருக்கும். ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருள் போதும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில் 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்குவது, வேகம் திருத்துவது எல்லாவற்றையும் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். முதற்பதிவை அப்படியே விட்டுவிடுங்கள். பின்னால் இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது அது தேவைப்படும்.

வட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பினால் சேமித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். தொலைபேசி மாறும்போது அது போய்விடும். குறைந்தது மூன்று பிரதிகள் வைத்திருங்கள், அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் ஒரே பையில் தொலைத்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடையில் கொடுத்துப் பிரதி எடுப்பதானால், அந்தக் கசற்றில் என்ன இருக்கிறது என்று யோசித்துக் கொடுங்கள். பதிவைக் கேட்பது அந்நியர் ஒருவர். குடும்ப விடயமோ, பிறருக்கு இடைஞ்சல் தரக்கூடிய பெயர்களோ உள்ள கசற்றானால், கூடவே இருந்து எடுப்பது நல்லது. கூத்து, கோயில் நிகழ்ச்சி, பாடசாலை விழா போன்ற ஊருக்குப் பொதுவான பதிவுகள் இருந்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனம் போன்றவற்றை நாடலாம்.

இப்போது வெற்றுக் கசற் வாங்குபவர்களுக்கு

பழைய ரி.டி.கே., சொனி கசற்றுகள் 'உறை பிரிக்காதது' என்ற பெயரில் இணையத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. விலை ஏறும்போது போலியும் திரும்பி வருகிறது. உறையின் மடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, உரிக்கும் நூல்கீலம் உண்டா, சிறிய எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். உறைக்கு வெளியேயிருந்து நாடாவைப் பரிசோதிக்க முடியாது. ஆகவே ஒன்றை வாங்கித் திறந்து, இரு பக்கமும் நேரம் பார்த்து, பாட்டொன்றைப் பதிந்து அசலோடு ஒப்பிட்டுக் கேட்ட பிறகே மிச்சத்தை வாங்குவது புத்தி.

காலம் குறைவு

யுனெஸ்கோவின் ஒரு செயற்றிட்டமும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 2019இல் ஓர் எச்சரிக்கையை முன்வைத்தன. காந்த நாடாக்களை ஓட்டும் இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் 2025ஆம் ஆண்டளவில் அருகிவிடும், அதன்பின் பிரதி எடுப்பது மிகக் கடினமாகும் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டு கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ றெக்கோடர் திருத்துபவர் ஒருவரைத் தேடிப் பார்த்தால் அந்த எச்சரிக்கையின் அர்த்தம் விளங்கும். பழைய றெக்கோடரின் பெல்ற் மாற்றத் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் இப்போது வயதானவர்கள்.

பெரிய நாடுகளின் வானொலி நிலையங்களுக்குக் காப்பகங்கள் உண்டு. எங்கள் வீட்டுக் குரல்களுக்குப் பிஸ்கற் ரின்தான் காப்பகம். அதற்குள் இருக்கும் கசற்றில் அச்சிட்ட பெயர் பொய்யாக இருக்கலாம், நாடா மட்டமாக இருக்கலாம். அதில் பேசுபவர் உங்கள் வீட்டு ஆள். இந்த வாரம் ரின்னைத் திறந்து, தகடுகளை உடைத்து, இலக்கமிட்டு, தூள் உதிரும் கசற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பிரதி எடுக்க இன்னும் ஒரு மாதம் ஆகலாம். எதை முதலில் எடுப்பது என்ற முடிவை இன்றே எடுத்துவிடலாம்.